சன், ஜெமினி, உதயா மூணும் ஒரே கம்பெனி. நம்ம மாவட்டத்துக்குன்னு எது இருக்கு?

#1 கெலமங்கலத்துக்காரி

எல்லாருக்கும் வணக்கம். போன வாரம் எங்க வீட்டுல நடந்த ஒரு சின்ன விஷயம் மனசை விட்டுப் போகவே மாட்டேங்குது. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிங்க.

நான் பிறந்தது கெலமங்கலம் பக்கம். அம்மா வீட்டுல பேச்சு தெலுங்கு. கட்டிக்கொடுத்தது தேன்கனிக்கோட்டையில, அத்தைக்குக் கன்னடம். பிள்ளைங்க ரெண்டும் தமிழ் மீடியம். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்ல, பாதி வீடு இப்படித்தான். சாயங்காலம் விளக்கு வெச்சதும் அத்தை உதயா போடுவாங்க. அம்மா வந்து தங்கினா ஜெமினி. நடுவுல கிடைக்கிற அரை மணி நேரம் எனக்கு சன். எங்க ரிமோட்டுல நம்பரெல்லாம் தேஞ்சு போச்சு. பின்மூடி உடைஞ்சு ரப்பர் பேண்ட் போட்டு வெச்சிருக்கோம். அத்தை எண்ணைப் பார்க்கவே மாட்டாங்க, விரலால தடவியே சேனல் மாத்துவாங்க.

கேபிள்கார அண்ணன் வந்து, "அக்கா, மாசப் பணம் ஏறுது, வேண்டாத சேனல் எதுன்னு எழுதிக் குடுங்க, எடுத்துடறேன்"னு சொன்னார். காலண்டர் தாளைக் கிழிச்சு பின்பக்கம் மூணு பத்தி போட்டேன். தமிழ், தெலுங்கு, கன்னடம்னு தலைப்பு. முதல் வரியில சன், ஜெமினி, உதயா. அடுத்த வரியில விஜய், ஸ்டார் மா, ஸ்டார் சுவர்ணா. மூணாவது வரியில ஜீ தமிழ், ஜீ தெலுங்கு, ஜீ கன்னடா. பி.காம். படிக்கிற என் பெரியவன் எட்டிப் பார்த்துட்டு, "அம்மா, நீங்க மேலிருந்து கீழா படிக்கிறீங்க, இதைப் படுக்கை வசமா படிங்க"ன்னான். படிச்சேன். மூணு மொழின்னு நினைச்சு எழுதின தாளில மூணு கம்பெனிதான் இருக்கு.

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. ஐப்பசி கார்த்திகையில பன்னேர்கட்டா காட்டுலிருந்து யானைக் கூட்டம் ஜவளகிரி, தளி பக்கம் இறங்கும். ராகி முத்தி நிற்கிற நேரம் அது. எந்தப் பக்கம் கூட்டம் நிற்குதுன்னு எங்களுக்குத் தெரிய வேண்டியது சாயங்காலம் 6 மணிக்கு. இத்தனை சேனல் வீட்டுல ஓடுது, அந்த ஒரு சேதி எதுலயும் வராது. பக்கத்து ஊர்க்காரங்க வாட்ஸ்அப்ல அனுப்பற குரல் பதிவுதான் எங்களுக்கு நியூஸ்.

ஒரே கம்பெனி இத்தனை சேனல் வெச்சிருக்கிறது எப்படி? ரேடியோவும் அவங்க கையிலதானா? தருமபுரி, கிருஷ்ணகிரின்னு நம்ம ரெண்டு மாவட்டத்துக்குன்னு ஒண்ணு ஏன் இல்ல? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ரேடியோ வாத்தியார்

அம்மா, உங்க மகன் சொன்னது சரி. நான் தருமபுரியில ஓய்வுபெற்ற ஆசிரியர், ரேடியோப் பைத்தியம். தெரிஞ்சதை வரிசையா சொல்றேன்.

சென்னை தூர்தர்ஷன் வந்தது 1975 ஆகஸ்ட் 15. அதுக்கப்புறம் பதினெட்டு வருஷம் நமக்கு அது ஒண்ணுதான். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும் பார்க்க பிரசிடெண்ட் வீட்டுத் திண்ணையில இடம் பிடிச்சவங்க இங்கே நிறைய பேர் இருப்பீங்க. கலாநிதி மாறன் 1990வாக்கில 'பூமாலை'ன்னு ஒரு வீடியோ கேசட் பத்திரிகை நடத்தினார். அதன் தொடர்ச்சியா 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்னைக்கு சன் டிவி. தமிழ் ஓடினதும் பக்கத்து மொழிகளுக்குப் போனாங்க. 1994ல கன்னடத்துக்கு உதயா, 1995ல தெலுங்குக்கு ஜெமினி, 1998ல மலையாளத்துக்கு சூர்யா. தமிழிலேயே செய்திக்கு ஒண்ணு, சினிமாவுக்கு கே டிவி, பாட்டுக்கு சன் மியூசிக், குழந்தைகளுக்கு சுட்டி, சிரிப்புக்கு ஆதித்யான்னு பிரிஞ்சுது. 2006ல கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்துது. உதயா, ஜெமினி ரெண்டும் முதல்ல தனித்தனிக் கம்பெனியா இருந்தவை, பிறகுதான் தாய்க் கம்பெனியோட இணைஞ்சு சன் டிவி நெட்வொர்க்னு ஆச்சு. 2019ல வங்காளம், 2021ல மராத்தி, 2024ல இந்தி. ஆக ஏழு மொழி.

ரேடியோவும் உண்டு. தமிழ்நாட்டுல சூரியன் எஃப்எம், 2003லிருந்து. தமிழ்நாட்டுக்கு வெளியே பெரும்பாலும் ரெட் எஃப்எம்னு பேர். ரெண்டையும் சேர்த்தா நாடு முழுக்க அறுபதுக்கும் மேற்பட்ட நிலையங்கள். இதுல கல் ரேடியோஸ், சௌத் ஏசியா எஃப்எம்னு குழுமத்தோட தனிக் கம்பெனிகளுக்கும் பங்கு இருந்துது. நமக்குக் கிட்டத்துல இருக்கிற சூரியன் நிலையங்கள் சேலமும் வேலூரும். தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டுலயும் எந்தத் தனியார் எஃப்எம்மும் கிடையாது. அதன் காரணத்தை நாளைக்கு எழுதறேன், கண் வலிக்குது.

#3 ஓசூர் பங்குத்தம்பி

வாத்தியார் ஐயாவுக்கு நன்றி, ஒரு திருத்தம் மட்டும். எல்லாரும் சன் குழுமம்னு மொத்தமா சொல்றோம். தினகரன் பத்திரிகை, சன் டைரக்ட் டிடிஎச், சுமங்கலி கேபிள் இதெல்லாம் பங்குச் சந்தையில இருக்கிற அந்தக் கம்பெனிக்குள்ள வராது. உரிமையாளர் தரப்பு ஒண்ணு, கம்பெனிகள் வேற. அந்தக் கம்பெனியில 75 சதவீதம் நிறுவனர் கையில, மிச்சம் 25 பொதுமக்கள் கையில. நானும் கொஞ்சம் பங்கு வெச்சிருக்கேன், அதை மறைக்கல.

இனி என் கருத்து. அக்கா, ஒரே கம்பெனின்னு ஏன் பயப்படணும்? ஒரு தமிழர் ஆரம்பிச்சு ஏழு மொழிக்குக் கொண்டுபோன நிறுவனம் அது. சாட்டிலைட் வாடகை, விளம்பரம் பிடிக்கிற ஆளு, படம் வாங்கிற பேரம் எல்லாத்தையும் மூணு நாலு மொழிக்குப் பகிர்ந்துக்கிறதாலதான் தொழில் நிற்குது. உங்க அத்தைக்குக் கன்னடத்துல பொழுதுபோக்கு கிடைக்கிறதே அதனாலதான். தனித்தனிச் சின்ன கம்பெனியா இருந்திருந்தா வடக்கத்தி பெரிய நிறுவனங்கள் எப்பவோ வாங்கியிருக்கும். விஜய் டிவியைப் பாருங்க, எத்தனை கை மாறுச்சு! ஸ்டார் வாங்கி, ஸ்டார் டிஸ்னிக்குப் போய், 2024 நவம்பர் 14 முதல் ரிலையன்ஸும் டிஸ்னியும் சேர்ந்த ஜியோஸ்டார். அதுல கலர்ஸ் தமிழும் கலர்ஸ் கன்னடாவும்கூட வந்து சேர்ந்துடுச்சு.

#4 கெலமங்கலத்துக்காரி

தம்பி, பயம்னு நான் சொல்லல. பார்த்துப் பார்த்துப் பழகினது வேற ஒண்ணா தெரியறப்போ வர்ற திகைப்பு அது. இன்னொண்ணும் சொல்றேன். அத்தை பார்க்கிற கன்னட சீரியல்ல மருமக புகுந்த வீட்டை விட்டு வெளியேறி பஸ் ஸ்டாண்டுல நிற்கிற காட்சி வந்துது. அத்தை முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. அதே கதை, அதே பஸ் ஸ்டாண்டு, தமிழ்ல போன வருஷம் நான் பார்த்தாச்சு. நடிக்கிறவங்கதான் வேற. அம்மாகிட்ட போன்ல சொன்னா, "தெலுங்குல அந்தப் பொண்ணு திரும்பி வந்துட்டாளே"ங்கிறாங்க. மூணு பேரும் மூணு மொழியில ஒரே பொண்ணுக்காக அழுதிருக்கோம்.

#5 ரேடியோ வாத்தியார்

அதுக்கு ஒரு காரணம் இருக்கும்மா. கர்நாடகத்துல டப்பிங் படம், டப்பிங் தொடர் கூடாதுன்னு திரைத்துறை சங்கங்கள் பல வருஷம் தடுத்து வெச்சிருந்தாங்க. 2015ல இந்தியப் போட்டி ஆணையம் அது தப்புன்னு சொல்லி அபராதம் போட்டுது. அதுவரைக்கும் தமிழ்த் தொடரைக் கன்னடத்துக்குக் கொண்டுபோக ஒரே வழி, அங்கத்து நடிகர்களை வெச்சுத் திரும்ப எடுக்கிறதுதான். கதை உரிமை கையில இருக்கிற கம்பெனிக்கு அது லாபம். அந்தப் பழக்கம்தான் இன்னைக்கும் ஓடுது. அதனால கன்னட நடிகர்களுக்கு வேலை கிடைச்சதையும் சொல்லணும்.

#6 பாலக்கோடு லைன்மேன்

நான் கேபிள் தொழில்ல இருக்கேன். 1996லிருந்து கம்பம் ஏறி லைன் இழுக்கிறவன். அக்கா எழுதின தாளைப் பத்தி நான்தான் சொல்லணும், ஏன்னா இப்படித் தாளு மாசம் ரெண்டு மூணு என் கைக்கு வரும்.

வேண்டாத சேனலை எடுத்துட்டா பணம் குறையும்னு எல்லாரும் நினைக்கிறாங்க. அப்படிக் குறையாது. 2019 பிப்ரவரி 1 முதல் டிராய், அதாவது டெலிபோனுக்கும் ஒளிபரப்புக்கும் விதி போடற மத்திய ஆணையம், புது விலைமுறை கொண்டு வந்துது. பார்க்கிறவங்களே தேர்ந்தெடுக்கலாம், ஒவ்வொரு சேனலுக்கும் விலை டிவியில தெரியணும்னு சட்டம். நல்ல எண்ணம்தான். சன் டிவி தனியா எடுத்தா மாசம் 19 ரூபாய்னு போட்டாங்க, வரி தனி. ஆனா அதே கம்பெனி சேனல்களைக் கட்டா எடுத்தா ரொம்ப மலிவு. நாலு சேனலைத் தனித்தனியா கேட்டா வர்ற விலைக்கு முழுக் கட்டும் வந்துடும். அப்போ யாரு தனியா கேட்பாங்க? 2020 ஜனவரியில டிராய் இன்னொரு உத்தரவு போட்டுது, 12 ரூபாய்க்கு மேல விலை இருக்கிற சேனலைக் கட்டுக்குள்ள வைக்கக்கூடாதுன்னு. கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போச்சு. 2022 நவம்பர்ல அந்த உச்சவரம்பு மறுபடி 19 ஆச்சு. இவ்வளவுதான் கதை.

மூணு மொழி வீட்டுக்கு இதுல இன்னும் கஷ்டம். சென்னைக்காரருக்கு ஒரு தமிழ்க் கட்டு போதும். உங்களுக்குத் தமிழ்க் கட்டு, தெலுங்குக் கட்டு, கன்னடக் கட்டு மூணும் வேணும். அதுவும் ஒவ்வொரு கம்பெனிக்கும் மூணு. என் லைன்ல மாரண்டஹள்ளி பக்கம் இப்படி வீடுகள் இருக்கு. 2011 செப்டம்பர்ல அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்தப்போ இந்தக் கட்டுப் பிரச்சினை இல்ல.

நான் ரொம்ப வருத்தப்படறது லோக்கல் சேனலுக்காக. செட்டாப் பாக்ஸ் இல்லாத அனலாக் காலத்துல எங்க கண்ட்ரோல் ரூம்ல ஒரு பழைய கம்ப்யூட்டர் வெச்சு நாங்களே ஒரு சேனல் ஓட்டினோம். காலையில ராயக்கோட்டை, பாலக்கோடு மண்டியில தக்காளிப் பெட்டி என்ன விலை. அப்புறம் ஒகேனக்கல்ல எவ்வளவு கனஅடி, பரிசல் உண்டா இல்லையா. நடுவுல காதுகுத்து வாழ்த்து, கண்ணீர் அஞ்சலி. கீழே ஓடற எழுத்தை நானே டைப் அடிப்பேன், ஒரு எழுத்துப் பிழை இருந்தா பத்து போன் வரும். பாக்ஸ் வந்த பிறகு எங்க சேனலுக்கு அதுல ஒரு இடம் வேணும்னா தனியா பணம் கட்டணும்னு ஒரு நிறுவனத்துல சொன்னாங்க. கட்டி நடத்த எங்களால முடியல. 2018ல நிறுத்திட்டோம். இன்னமும் சந்தைக்குப் போனா, "தம்பி, தக்காளி விலை போடறதை ஏம்ப்பா நிறுத்தினீங்க"ன்னு கேட்கிற பெரியவங்க இருக்காங்க. பதில் சொல்ல முடியாம தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்துடுவேன்.

#7 தொப்பூர் டெம்போ

லைன்மேன் அண்ணா, படிச்சுட்டு மனசு கனமாயிடுச்சு.

நான் சேலம் ஓசூர் லைன்ல டெம்போ ஓட்டறேன். டிவி பார்க்க நேரம் ஏது, எனக்கு எல்லாம் ரேடியோதான். என் கணக்கைச் சொல்றேன். சேலத்துல ஏறும்போது தனியார் எஃப்எம் அருமையா கேட்கும், தூக்கம் வராம பேசிக்கிட்டே வருவாங்க. தொப்பூர் கணவாய் இறங்கி ஏறுறதுக்குள்ள கரகரன்னு போயிடும். சேர்வராயன் மலை மறைச்சுடுது. அங்கிருந்து தருமபுரி ஆகாசவாணி 102.5. காரிமங்கலம், காவேரிப்பட்டணம் வரைக்கும் கண்ணாடி மாதிரி கேட்கும். கிருஷ்ணகிரி தாண்டி சூளகிரி மேடு ஏறினா பெங்களூரு ஸ்டேஷன்கள் ஒண்ணொண்ணா உள்ள வரும். ஓசூர்ல 93.5 வெச்சா ரெட் எஃப்எம், கன்னடம். வாத்தியார் ஐயா சொன்ன பிறகுதான் தெரியுது, சேலத்துல விட்ட கம்பெனியைத்தான் ஓசூர்ல மறுபடி பிடிக்கிறேன்னு. நடுவுல இருக்கிற நூறு கிலோமீட்டருக்கு அவங்களும் இல்ல, வேற தனியாரும் இல்ல.

இந்த நூறு கிலோமீட்டர்லதான் தொப்பூர் கணவாய் இருக்கு. அங்க எத்தனை விபத்து நடக்குதுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். கணவாயில லாரி கவிழ்ந்து கிடக்குன்னு யாராவது ரேடியோவுல சொன்னா நான் பாளையம்புதூர்லயே ஓரங்கட்டிடுவேன். எதிர்ல வர்ற லாரிக்காரர் லைட் அடிச்சுக் காட்டினாத்தான் உண்டு.

#8 ரேடியோ வாத்தியார்

நேத்து விட்ட இடத்துக்கு வர்றேன். நமக்கு ஏன் தனியார் எஃப்எம் இல்லைன்னா, அதுக்குக் காரணம் ஒரு மக்கள்தொகைக் கணக்கு.

தனியார் எஃப்எம் இந்தியாவுல முதல்ல ஒலிச்சது நம்ம பக்கத்துல, பெங்களூருவுல, 2001 ஜூலையில ரேடியோ சிட்டி. அலைவரிசையை ஊர் ஊரா ஏலம் விடறாங்க. 2011ல மூணாம் கட்டக் கொள்கை வந்தப்போ, 1 லட்சத்துக்கு மேல மக்கள் இருக்கிற ஊர்களையே புது ஊர்களா எடுத்துக்கிட்டாங்க. கணக்கு 2001 சென்சஸ்படி. தருமபுரி நகரமும் கிருஷ்ணகிரி நகரமும் 2011லகூட 1 லட்சம் இல்ல. ஓசூர் 2011ல தாண்டிடுச்சு, ஆனா 2001ல தாண்டல. 2019ல மாநகராட்சி ஆன ஊர், பழைய கணக்கால ரேடியோ பட்டியல்ல விடுபட்டுப் போச்சு! நாடு முழுக்க 2024வாக்கில 113 ஊர்ல 388 தனியார் நிலையம். 2024 ஆகஸ்ட்ல மத்திய அமைச்சரவை இன்னும் 234 ஊருக்கு 730 அலைவரிசை ஏலம் விட ஒப்புதல் குடுத்துது. தமிழ்நாட்டுல 11 ஊர். வாணியம்பாடி இருக்கு, திருவண்ணாமலை இருக்கு. நமக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, நாம இல்ல.

கம்பெனிகளைக் குறை சொல்றதுக்கு முன்னால இதைப் புரிஞ்சுக்கணும். அவங்களே வரணும்னு நினைச்சாலும் ஏலத்துல ஊர் பேரே இல்லைன்னா எதை எடுப்பாங்க? மாவட்டத்தைப் பார்க்காம டவுன் எல்லையை மட்டும் எண்ணினா, நம்மள மாதிரி கிராமமா பரவிக் கிடக்கிற மாவட்டம் என்னைக்கும் சின்ன ஊர்தான். எஃப்எம் அலைக்கு நகராட்சி எல்லை தெரியுமா? மலை மறைக்காத தூரம் வரைக்கும் போகும்.

#9 அரூர் மங்கை

நான் சட்டம் படிக்கிறேன். ஐயா சொன்னதோட இதையும் சேர்த்துக்கணும். நாளைக்கே தருமபுரிக்குத் தனியார் எஃப்எம் வந்தாலும் அவங்க சொந்தமா செய்தி வாசிக்க முடியாது. ஆகாசவாணி செய்தியை அப்படியே மாத்தாம எடுத்துப் போட மட்டும்தான் அனுமதி. ஆனா வானிலை, போக்குவரத்து, மின்தடை, குடிநீர், இயற்கைச் சீற்ற அறிவிப்பு இதெல்லாம் செய்திக் கணக்குல வராது, சொல்லலாம். டெம்போ அண்ணன் கேட்டதை இன்னைக்கே சட்டப்படி சொல்ல முடியும், சொல்ல நிலையம்தான் இல்ல. 2023 செப்டம்பர்ல டிராய், மணிக்கு 10 நிமிஷம் செய்திக்கு அனுமதிக்கலாம்னு பரிந்துரைச்சுது. பரிந்துரை வேற, சட்டம் வேற.

ஒரே கையில பல ஊடகம்ங்கிற கேள்விக்கு வர்றேன். ரேடியோவுக்குள்ள வரம்பு இருக்கு, ஒரு ஊர்ல இருக்கிற நிலையங்கள்ல 40 சதவீதத்துக்கு மேல ஒருத்தர் வைக்க முடியாது. டிவி கம்பெனிக்கும் டிடிஎச் கம்பெனிக்கும் நடுவுலயும் 2001 நெறிமுறையிலேயே 20 சதவீத வரம்பு போட்டாங்க. பங்குத்தம்பி அண்ணன் சொன்ன "கம்பெனி வேற, உரிமையாளர் தரப்பு ஒண்ணு"ங்கிறது இந்த இடத்துலதான் முக்கியம். வரம்பு கம்பெனிக்குப் போடப்பட்டது. ரெண்டு கம்பெனிக்கும் பின்னால ஒரே ஆள் இருக்கலாமான்னு அந்த விதி கேட்கல. டிவி, பத்திரிகை, ரேடியோ மூணையும் ஒருத்தர் வெச்சுக்கிறதுக்குப் பொதுவான தடைச் சட்டம் நம்ம நாட்டுல கிடையாது. 2014 ஆகஸ்ட்ல டிராய் தெளிவா சொல்லுச்சு, ஒரே சந்தையில டிவியிலும் பத்திரிகையிலும் ஒருத்தர் ஆதிக்கம் கூடாது, அரசியல் கட்சிகளும் அரசும் ஒளிபரப்புத் தொழில்ல இருக்கக்கூடாதுன்னு. அது சட்டமா வரல. சன் மட்டும் இல்ல, எல்லாப் பெரிய குழுமத்துக்கும் இது பொருந்தும்.

எதிர்ப்பக்கமும் சொல்லணும். 2015 எஃப்எம் ஏலத்துல சன் குழுமத்துக்கு உள்துறை பாதுகாப்பு அனுமதி தரல. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் ஏலத்துல கலந்துக்கிட்டாங்க. எந்த அரசு இருந்தாலும், யாரு பேசலாம்னு முடிவு பண்ற சாவி தன்கிட்ட இருக்கணும்னுதான் பார்க்கும். அதுவும் ஆபத்து.

#10 ஓசூர் பங்குத்தம்பி

மங்கை நியாயமா எழுதியிருக்கீங்க. ஒரு கேள்வி. எல்லாரும் ஆகாசவாணியைப் பத்தி உருகறீங்க. அதுவும் ஒரே கைதானே? ஆகாசவாணி, தூர்தர்ஷன் எல்லாம் பிரசார் பாரதி. அதைவிடப் பெரிய ஒளிபரப்பு நிறுவனம் இந்தியாவுல எது? பொதிகைன்னு அழகா ஒரு பேர் இருந்துது, 2024 ஜனவரியில டிடி தமிழ்னு மாத்தினாங்க. நம்மள யாராவது கேட்டாங்களா?

#11 அரூர் மங்கை

சரியான கேள்விதான் அண்ணா. 1990ல சட்டம் போட்டு 1997 நவம்பர் 23ல பிரசார் பாரதி வந்துது. தன்னாட்சி அமைப்புன்னு பேர், பணம் பெரும்பாலும் அரசு தருது. அதன் செய்தியில அரசாங்கத்துக் குரல் இருக்கு, நான் மறுக்கல. ஆனா ஒரு வித்தியாசம் உண்டு. லாபம் இல்லைன்னு தனியார் ஒரு சேனலை ஒரே நாள்ல நிறுத்தலாம், 2017ல உதயா நியூஸ் நின்ன மாதிரி. அது அவங்க உரிமை. பொது நிலையத்தை நிறுத்தினா நாம கேட்கலாம், மனு போடலாம், நாடாளுமன்ற உறுப்பினர்கிட்ட போய் நிற்கலாம். ஏன்னா அது நம்ம பணம்.

#12 மாந்தோப்பு

இழை முழுக்கப் படிச்சேன். போச்சம்பள்ளி பக்கம் எங்க தாத்தாவுக்கு மாந்தோப்பு, பெரும்பாலும் பெங்களூரா, கொஞ்சம் செந்தூரா. அவருக்கு 81 வயசு. காவல் கொட்டாய்க்குப் பக்கத்து மரத்துல, தாழ்ந்த கிளையில ஒரு ரேடியோ தொங்கும். ஏரியலுக்குப் பதிலா சைக்கிள் கம்பி. 102.5 எங்க இருக்குன்னு கண்ணு தெரியாதுன்னு எங்க அத்தை நகப்பூச்சால டயல்ல சிவப்புக் கோடு போட்டுக் குடுத்தாங்க. அந்தக் கோட்டை விட்டு முள்ளு நகர்ந்து பத்து வருஷம் ஆகுது.

மருந்து அடிக்கிற காலத்துல, பூ விடற காலத்துல யாராவது வேளாண்மை அதிகாரி பேசினா தாத்தா மண்வெட்டியைக் கீழே வெச்சுட்டு மரத்தடிக்கு வந்துடுவார். ஒருநாள் தத்துப்பூச்சி பத்தி சொன்னதைக் கேட்டு, "நம்ம மண்ணைப் பத்திப் பேசறான்டா"ன்னார். பேசினவரு நம்ம வழக்குல, "ஏனுங்க, பூவு கருகுதுங்களா"ன்னு கேட்டார். அந்தப் பேச்சைக் கேட்க தாத்தா இன்னும் அந்த மரத்துக்குக் கீழே உட்கார்றார்.

சன், விஜய், ஜீ எதுவும் எனக்கு எதிரி இல்ல. ராத்திரி நானும் படம் பார்க்கிறேன். ஆனா அந்தக் குரல் நின்னு போச்சுன்னா அதுக்குப் பதிலா இவங்க யாரும் வந்து போச்சம்பள்ளி மாமரத்தைப் பத்திப் பேச மாட்டாங்க. அதை வெச்சு வியாபாரம் ஆகாது.

#13 பாலக்கோடு லைன்மேன்

மாந்தோப்பு தம்பி, கண்ணு கலங்கிடுச்சு.

ஒரு யோசனை. சமுதாய வானொலின்னு ஒண்ணு இருக்கு. கல்லூரி, வேளாண் அறிவியல் நிலையம், தொண்டு நிறுவனம் எல்லாம் விண்ணப்பிக்கலாம், ஏலம் கிடையாது. 2004ல சென்னையில அண்ணா பல்கலைக்கழகம்தான் நாட்டுக்கே வழிகாட்டுச்சு. சக்தி 100 வாட்தான், பத்து கிலோமீட்டர் போனா பெரிசு. தளி, ஜவளகிரி மாதிரி இடத்துக்கு அது போதாதா? யானை எந்தப் பக்கம்னு சொல்ல பத்து கிலோமீட்டர் போதுமே. எனக்கு மைக், மிக்ஸர், கம்பம் எல்லாம் தெரியும். யாராவது ஒரு நிறுவனம் முன்வந்தா என் உழைப்பைக் காசு வாங்காம தர்றேன். விளையாட்டுக்குச் சொல்லல.

#14 கெலமங்கலத்துக்காரி

அண்ணா, நீங்க எழுதினதை அப்படியே எங்க மகளிர் குழுவுல படிச்சுக் காட்டினேன். எங்க குழுவை நடத்தற தொண்டு நிறுவனத்து மேடம்கிட்ட வர்ற புதன்கிழமை பேசப்போறோம். நீங்களும் வாங்க, தேன்கனிக்கோட்டைக்கு.

காலண்டர் தாள் என்ன ஆச்சுன்னு பெரியவன் கேட்டான். எதையும் எடுக்கல. அத்தைக்கு உதயா வேணும், அம்மாவுக்கு ஜெமினி வேணும், அவங்க சந்தோஷத்துல நான் எதுக்குக் கை வைக்கணும்? அந்தத் தாளைப் பீரோ கதவுல ஒட்டியிருக்கேன். ஓரத்துல நாலாவதா ஒரு வரி சேர்த்தேன், 102.5. பழைய செல்போன்ல இயர்போன் சொருகித் தேடிப் பார்த்தேன், எங்க வீட்டுக்குள்ள சரியா எடுக்கல. மாடிக்குப் போனா ஏதோ பேச்சு லேசா கேட்குது. டெம்போ தம்பி, உங்க வண்டி ரேடியோவுல அது எதுவரைக்கும் தெளிவா வருதுன்னு ஒரு தடவை பார்த்துச் சொல்றீங்களா? மேடத்துக்கிட்ட பேசறப்போ எந்த ஊருக்கு அப்புறம் அது கேட்காதுன்னு சொல்ல வேண்டியிருக்கு.

#15 தொப்பூர் டெம்போ

சரிங்கக்கா. நாளைக்கு விடியக்காலை லோடு இருக்கு, பார்த்துட்டு எழுதறேன்.

#16 தொப்பூர் டெம்போ

அக்கா, பார்த்துட்டேன். வண்டியை அங்கங்க நிறுத்தி நிறுத்திக் கேட்டேன். கிருஷ்ணகிரி டோல்கேட்டுல சுத்தமா இருக்கு. குருபரப்பள்ளியில பாட்டு நல்லா கேட்குது, பேச்சுல லேசா இரைச்சல். சூளகிரி மேட்டுல தெளிவு, இறங்கினதும் போகுது, மறுபடி வருது. சூளகிரி தாண்டினதும் பெங்களூரு ஸ்டேஷன் ஒண்ணு பக்கத்துலிருந்து அழுத்துது, நம்மது அடியில முணுமுணுன்னு கேட்குது. ஓசூர் பஸ் ஸ்டாண்டுல ஒண்ணும் இல்ல. திரும்பி வர்றப்போ ராயக்கோட்டை ரோட்டுல வந்து பார்த்தேன், கெலமங்கலம் பிரிவு வரைக்கும் சுமாரா எடுக்குது. தேன்கனிக்கோட்டைப் பக்கம் போகல, செவ்வாய்க்கிழமை அந்தப் பக்கம் லோடு வருது, போயிட்டு வந்து சொல்றேன். புதனுக்கு முன்னாடி உங்களுக்குக் கணக்கு கிடைச்சுடும்.